விறைக்காத கைக்குட்டை

ஜன்னல் கம்பியில் கணவர் ஐயாவு போட்டிருந்த கைக்குட்டையை ஊறவைக்க எடுத்த பிரேமலா, அதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். நேற்று முழுக்க அவர் மூக்கைத் துடைத்த துணி. மகள் விஷாலினியை வளர்த்த காலத்தில் இப்படி எத்தனை துணிகளைக் கசக்கியிருப்பாள்! சளி காய்ந்தால் துணி அப்பளம் மாதிரி விறைத்துப்போகும். இதுவோ வெறும் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டதுபோல் மெத்தென்று இருந்தது.

இது என்ன சளி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. காய்ச்சல் இல்லை, தும்மல் இல்லை. இடது மூக்கில் மட்டும் தெளிந்த நீர். நிமிர்ந்திருந்தால் அடங்கிக் கிடக்கும். செருப்பு மாட்டக் குனிந்தால் சொட்டும். தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்பார், தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொள்வார். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கவைத்தாள். போர்வைக்குள் அவர் குனிந்திருக்க, பானைக்குள் சொட்டுச் சொட்டாக விழும் ஓசை கேட்டது. "விழட்டும், எல்லாம் வெளிய வரட்டும். இன்னும் நல்லாச் சிந்துங்க" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள்மேல் கோபப்படாதீர்கள், கண்ணுகளா. நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம்.

தீமிதிக்கு ஐயாவு காப்பு கட்டியிருந்தார். ராவாங் ஊரில் இருக்கும் விஷாலினிக்கு இரண்டு முறை கலைந்து, இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. அது நல்லபடியாகப் பிறக்க வேண்டுமென்று அவருடைய வேண்டுதல். மஞ்சள் கயிறு கையில் ஏறியபின், குடியிருக்கும் செம்பனைத் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது என்பது அங்கே வழக்கம்.

அன்று மாலை கோயிலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த செல்லையா, ஐயாவுடன் செம்பனை வெட்டுகிறவன், பிரேமலாவைப் பார்த்துச் சிரித்தான். "என்ன அண்ணி, முகம் வாடிக் கெடக்கு? அண்ணனுக்கு நெருப்பெல்லாம் ஒரு பயமா? தலையில மட்ட விழுந்தே அசையாத ஆளுலா அவரு!"

"எப்ப விழுந்துச்சு?"

செல்லையாவின் சிரிப்பு நின்றது. "காப்பு கட்டுறதுக்கு முன்னாடி. உங்ககிட்ட சொல்லலையா? கொஞ்ச நேரம் தரையிலேயே உக்காந்துட்டாரு. ஹெல்மெட்ட கழட்டி மோட்டார் சைக்கிள்ல மாட்டி வெச்சிருந்தாரு."

வீட்டு வரிசையின் கடைசியில் இருக்கும் அன்பரசி கிளினிக்கில் தாதி. வேலை முடிந்து வந்தவள், காலணியைக்கூடக் கழற்றாமல் பிரேமலா சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் குரல் தணிந்தது.

"அக்கா, இது தடுமன் மாதிரி தெரியல. தலையில அடிபட்டா, மூளையைச் சுத்தியிருக்கிற தண்ணி மூக்கு வழியா ஒழுகலாம். ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. விட்டா உள்ள கிருமி ஏறிடும். குனிய விடாதீங்க, மூக்க அடைக்காதீங்க. சிந்த மட்டும் விடவே விடாதீங்க."

பானையில் விழுந்த சொட்டுகள் பிரேமலாவின் காதுக்குள் மறுபடி விழுந்தன.

ஐயாவு அசையவில்லை. "மூக்கு ஒழுகுனதுக்கு எல்ல தாண்டச் சொல்றியா? கயித்த அறுத்துட்டுப் போயி, அங்க புள்ளைக்கு ஒன்னுன்னா நீ பதில் சொல்வியா, பிரேமா?"

அதே பயம் அவளுக்குள்ளும் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த மகளின் கல்யாணப் படத்தைப் பார்த்தாள்.

"அறுக்க வேணாம். என் கையில மாத்திக் கட்டச் சொல்றேன். எல்லைக்குள்ள நான் இருக்கேன். நெருப்ப நான் மிதிக்கிறேன்."

"நீயா? அடுப்புச் சட்டியத் தொடவே துணி தேடுவ."

"அது சட்டி. இது நம்ம புள்ள."

பூசாரி தயங்கினார். அம்மன் முகத்தையும் ஐயாவுவின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முடிச்சை அவிழ்த்து, கயிற்றைப் பிரேமலாவின் கையில் கட்டினார்.

செல்லையா காரைக் கோயில் வாசலுக்கே கொண்டுவந்தான். ஐயாவு செருப்புக்குக் குனியப் போனார். "குனியாதீங்க" என்று அவள் மண்டியிட்டு மாட்டிவிட்டாள். தலைக்கு மேலிருந்து ஒரு சொட்டு அவள் மணிக்கட்டுக் கயிற்றில் விழுந்தது. அவரைப் பின்சீட்டில் ஏற்றி, சாய்வாகத் தலையணை வைத்தாள்.

"ஏறு" என்றார் ஐயாவு. அவளுக்கு இடம்விட்டு நகர்ந்தும் உட்கார்ந்தார்.

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள்.

அவர் கயிற்றைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கார் நகர்ந்துவிட்டது. தோட்டத்து இரும்புக் கேட்டு வரைக்கும் பின்னாலேயே நடந்து வந்தவள், அங்கே நின்றாள். கார் கோலசிலாங்கூர் ஊருக்குப் போகும் சாலையில் திரும்பும்போது பின்கண்ணாடியில் அவர் தலை தெரிந்தது, நேராக, குனியாமல். அவள் கையில் ஈரக் கயிறு. அதிலிருந்து மஞ்சள் கரைந்து, மணிக்கட்டில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.