இருவர் பரண்

மான் வேட்டைக்குத் தூக்கிப்போய், மரத்தில் சாய்த்து மேலே உட்காரும் ஏணிப் பரண் வாங்கக் கடைக்கு வந்த ஃபெர்கஸுக்கு, ஒருவர் மட்டும் உட்காரும் அலுமினியப் பரண் பிடித்துவிட்டது. மனைவி எல்ஸ்பெத்தோ இருவர் பரணைக் காட்டினாள்.

"மாரடைப்பு வந்தவன இனிமே தனியா காட்டுக்கு விடமாட்டேன்."

"இந்தக் கனத்த யார் தூக்குறது?"

"நான்தான்."

"தூக்கிடுவ. வாய மூடிக்கிட்டு உக்காருவியா? சின்னச் சத்தம் கேட்டாலும் மான் ஓடிடும்."

அவள் விறுவிறுவென்று கடை முற்றத்தில் பார்வைக்கு நிறுத்தியிருந்த இருவர் பரணில் ஏறினாள். கிறீச்சிடுகிறதா என்று பார்க்க அவனும் ஏறி அருகில் அமர்ந்தான்.

தூறல் விழுந்தது. பத்து நிமிடமாக அவள் அசையவில்லை, பேசவில்லை. முப்பது வருடத்தில் அவளை இப்படிப் பார்த்ததேயில்லை. அவன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"எல்ஸ்பெத், உடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஷ்ஷ்! மான விரட்டாத."