பகல் மூன்று மணி நிலா

சத்தியமாகச் சொல்கிறேன், அது பகல் மூன்று மணி. சாட்சிக் கூண்டில் ஏறிக் கடவுள் அறிய இதையே சொன்னேன். கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களாவது நம்புங்கள் என்று கேட்கக்கூட இப்போது கூச்சமாக இருக்கிறது.

நான் வெங்கட்ரமணன். மதுரையில் புதிதாக முளைத்திருந்த ஒரு ஸ்டுடியோவில் கேமராமேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் ‘நடுநிசிக் கைது’ என்று ஒரு போலீஸ் படம் எடுத்தோம். அதுவரை தேவலோகத்துச் சாம்பிராணிப் புகையைப் படம் பிடித்துப் பிடித்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. போலீஸ் கதை, அதிலும் பாதிக்கு மேல் இருட்டு என்றதும் தலைகால் புரியவில்லை. திருடன் வைகையைக் கடந்து போகிறான், இன்ஸ்பெக்டர் துரத்திப் பிடிக்கிறார். அந்தக் காட்சிதான் படத்துக்கு உயிர்.

நிலவில் படம் எடுக்க முடியாது. எங்களிடம் இருந்த பிலிமுக்கு நிலா வெளிச்சம் ஒரு வெளிச்சமே இல்லை. பௌர்ணமி ராத்திரி முழுக்கக் கேமரா ஓடினாலும் மிஞ்சுவது கரிதான். ஆற்று மணலுக்கு விளக்குகளைக் கொண்டுபோக முதலாளி சாம்பசிவத்துக்கு வசதியும் இல்லை, மனசும் இல்லை. அதனால் பட்டப்பகலில் எடுத்து அதை ராத்திரியாக்க வேண்டும். லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி வைத்தால் நீல வானம் கறுத்துவிடும். சூரியனைப் பார்த்தமாதிரி கேமராவைத் திருப்பினால், தண்ணீரில் விழுகிற வெயில் நிலவாக மின்னும். மற்றதெல்லாம் கைப்பக்குவம்.

ஆனால் கேமரா பாதி வேலைதான் செய்யும். மீதியை நடிகன் செய்ய வேண்டும். திருடன் வேஷம் போட்டவர் நாடக மேடையில் பெரிய பெயர். கோச்சடைப் பக்கம் ஆற்றில் இறக்கிவிட்டோம். பங்குனி வெயிலில் மணல் பொரிந்தது. மனிதர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தையத் தக்கா என்று குதித்தார். நடுநிசியில் எந்தத் திருடன் வெயிலுக்குக் கண் கூசுவான்? நான் தொப்பியைத் தூக்கி மணலில் அடித்தேன்.

கேமராவை ஆற்றுக்கு ஏற்றி வந்த வண்டிக்காரன் விருமாண்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். கோச்சடைக்கு மேற்கே ஒரு சிற்றூர்க்காரன். நடிகரின் உடம்புவாகுதான் அவனுக்கும். தூரத்துக் காட்சிக்கு முகம் முக்கியமில்லை.

“விருமாண்டி, நீ கொஞ்சம் நடந்து காட்டேன். ராத்திரின்னு நினைச்சுக்கோ. கண்ணை மட்டும் சுருக்காதே” என்றேன்.

நடந்தான். நான் கேமராவை ஓடவிட்டேன். பாதத்தை முதலில் தடவி வைத்து, அப்புறம் உடம்பின் பாரத்தை அதன்மேல் இறக்கினான். ஒவ்வோர் அடிக்கும் காது முன்னே போயிற்று, கால் பின்னே வந்தது. சூரியன் நேராகக் கண்ணில் அடிக்க, இமை கொட்டாமல் தண்ணீரைத் தாண்டினான். கன்னத்தில் கண்ணீர் தாரையாக ஓடியது. டைரக்டர் ‘கட்’ சொல்ல மறந்துவிட்டார்.

“எங்கேடா கத்துண்டே இதை?” என்று கேட்டேன்.

“பதினெட்டு வயசுல ரேகை வச்சேன் சாமி. அதுக்கப்பறம் ராத்திரியில நடந்ததே இல்ல. எப்பிடி இருக்கும்னு ரோசிச்சுப் பாத்தேன், அம்புட்டுத்தான்” என்றான். பாதம் கொப்பளித்திருந்தது. அவன் முகத்திலோ அப்படி ஒரு சந்தோஷம்.

ரேகைச் சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் சாதியில் பிறந்தால் போதும், திருட வேண்டாம். ஆண்பிள்ளைகளின் கைரேகையைப் போலீஸ் பதிந்து வைத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் ஊர்ச் சாவடிக்குப் போய்ப் பதிவேட்டில் பெருவிரலை வைத்துவிட்டு, விடியும்வரை அங்கேயே படுத்துக்கிடக்க வேண்டும். எழுந்து போனால் ஜெயில். விருமாண்டி பன்னிரண்டு வருஷமாக ஒரு ராத்திரி தவறவில்லை. தன் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்கச் சொல்லி மனுப் போட்டிருந்தான். மேலே போய்த் திரும்பி வந்திருந்த அந்தக் காகிதத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

படம் முடிந்தது. விளம்பர நோட்டீஸ் எழுதியவன், ‘பங்குனிப் பௌர்ணமி நிலவில், வைகை மணலில், நேருக்கு நேர் பிடிக்கப்பட்ட அதிசயக் காட்சி! ஒளிப்பதிவு: வெங்கட்ரமணன்’ என்று அளந்திருந்தான். அச்சுக்குப் போகுமுன் அது என் கைக்கு வந்தது. பேனாவால் ஒரு கோடு இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. என் பெயரைத் தடித்த எழுத்தில் பார்த்ததும் பல்லிளித்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி பட்டுவிடம் காட்டினேன். என் ஆணவத்துக்கு நான் இன்றுவரை ஒரு நல்ல காரணம் கண்டுபிடிக்கவில்லை.

முதல் வாரமே நிஜ இன்ஸ்பெக்டர் குடும்பத்தோடு படம் பார்க்க வந்தார். சினிமாப் போலீஸுக்குக் கைதட்டினார். ஆற்றுக் காட்சி வந்ததும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாராம். முகம் தெரியாத அந்த நடையை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வெளியே வந்தபோது யாரோ பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள், “அது நம்ம விருமாண்டிதானுங்க.”

மறுநாள் அவனைப் பிடித்துவிட்டார்கள். பங்குனிப் பௌர்ணமி அன்று இரவு சாவடியை விட்டு வெளியேறிய குற்றம்.

“அன்னைக்கு அவன் ரேகை பதிவேட்டுல இருக்குங்க” என்றான் சாவடியைக் காவல் காத்த தலையாரி காளை. அது அவனுக்கே வினையாயிற்று. கூட்டுக் களவாணி என்று சொல்லி வேலையை விட்டுத் தள்ளினார்கள். மை காய்ந்த பெருவிரலை விட நான் எடுத்த படம்தான் அவர்களுக்குப் பெரிய சாட்சி.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, “நீர் போய்ப் பகல்னு சொன்னா படம் படுத்துடும் ஓய்” என்றார். நான் மட்டும் போனேன். போயும் என்ன கிழித்தேன்? மாஜிஸ்ட்ரேட் கையில் நோட்டீஸ் இருந்தது.

“இதில் உம்முடைய பெயர்தானே?”

“ஆமாம். ஆனா நோட்டீஸ் பொய்.”

“அப்போது பொய் சொன்னீர், இப்போது நிஜம் சொல்கிறீர். அப்படித்தானே? தண்ணீரில் மின்னுவது என்ன?”

“சூரியன்.”

அப்போதுதான் சிரித்தார்கள்.

ஒரு வாய்தா வாங்கிக்கொண்டு லாபரட்டரிக்கு ஓடினேன். நெகட்டிவிலிருந்து வெளிறலாக ஒரு பிரதி எடுத்தால் பகல் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஒன்று, இரண்டு, எட்டுப் பிரதி எடுத்தேன். மணல் வெளுத்தது, விருமாண்டியின் வேட்டி வெளுத்தது. வானம் மட்டும் அசையவில்லை. சிவப்புக் கண்ணாடி தடுத்த வெளிச்சம் பிலிமில் விழவே இல்லை. விழாததை எங்கிருந்து எடுப்பது? இருந்தும் கொண்டுபோனேன். மாஜிஸ்ட்ரேட் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்து, “நல்ல நிலா” என்றார்.

ஆறு மாதம் கடுங்காவல். மனுவும் தள்ளுபடி. தீர்ப்பில் ஒரு வரி எழுதியிருந்தார்: இருட்டில் நடந்து பழகாதவன் இப்படி நடக்க முடியாது.

நாலாம் நாள் அவன் மனைவி மாயக்காள் ஸ்டுடியோ வாசலுக்கு வந்தாள். முதல் தடவையாகச் சினிமாக் கொட்டகைக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நேரே வருகிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சாமி, கோர்ட்டுல சொன்னது கெடக்கட்டும். எங்கிட்ட மட்டும் நெசத்தச் சொல்லுங்க. அது ராத்திரிதான?”

“இல்லம்மா. பகல் மூணு மணி. சத்தியமா.”

“நீங்க நல்லவுக. அவரக் காப்பாத்தணும்னு அப்பிடிச் சொல்றீக.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “எங்களுக்குக் கலியாணமாகி ஒம்பது வருசம். ஒரு ராத்திரி அவரு வீட்டுல படுத்ததில்ல. போன வருசம் பிள்ள காச்சல்ல கெடந்துச்சு. அப்பான்னு கேட்டுக் கேட்டு அழுதுச்சு. நான் சாவடிக்கு ஓடிப்போயி வாசல்ல நின்னு கூப்புட்டேன். ‘எந்திரிச்சா செயிலு, மாயக்கா, விடிஞ்சதும் வாரேன்’னாரு. விடியறதுக்குள்ள பிள்ள போயிருச்சு. சரி, அவரும் என்னதான் செய்வாருன்னு இருந்தேன் சாமி. ஒரு சொல்லு கேட்டதில்ல.”

நான் வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“படம் பிடிக்க மட்டும் எந்திரிச்சு வரத் தெரிஞ்சிருக்கே.”

பகல், சிவப்புக் கண்ணாடி, சூரியன் என்று பைத்தியக்காரன்போல் என்னென்னவோ சொன்னேன். ஆற்றுக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றேன். பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்கிற மரியாதையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், “நான் எங்கப்பன் வீட்டுக்குப் போறேன். அவரு கேட்டா சொல்லிருங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஜெயிலுக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் விருமாண்டி இளைத்திருந்தான். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“மாயக்கா படம் பாத்துச்சாமே சாமி? நான் நடந்தத என்னன்னு சொல்லுச்சு?”

“நன்னா இருக்குன்னு சொன்னா” என்றேன்.

அதை அவன் நம்பினான்.