ஜோதி சொன்ன சாட்சி

1

ஒரு மைக்கை அணைத்ததிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. ஆம்பூரில் ஒரு கிறிஸ்தவ சபையின் பெண்கள் கூட்டம். பந்தலுக்கு வெளியே நின்று கேட்டேன். மேடையில் பேசிக்கொண்டிருந்தவளின் குரல் சட்டென்று நின்றது. வாய் மட்டும் அசைந்தது. மீதியை விசாரித்தும் இட்டுக்கட்டியும் எழுதுகிறேன். எது எது என்று கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: ‘பள்ளிகொண்டா நெடுஞ்சாலையோரம், தலை நிறைய மல்லிகையோடு அவள்…’

(அடித்துவிட்டேன். ஜோதி பூ வைத்ததில்லை. மாதனூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தவள். வேலை போன பிறகும் கம்பெனி கொடுத்த நீலக் கோட்டோடுதான் ரோட்டில் நிற்பாள். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்று ஊர் நினைக்கட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: சபை நடத்தும் இல்லத்தின் கூடத்தில் வெள்ளைக்காரர் காலத்துப் படம் ஒன்று. வெள்ளைச் சேலையில் பெண்கள். கீழே ‘மீட்கப்பட்டவர்கள்’ என்று எழுதியிருக்கிறது. ஒருத்திக்கும் பெயர் இல்லை. அந்தக் கூடத்துக்குத்தான் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் மனோரமா தன் வேனில் ஜோதியையும் அவள் தோழி சங்கீதாவையும் கூட்டிவந்தாள்.

3

மனோரமாவைக் கெட்டவளாக எழுதப் பார்த்தேன், வரவில்லை. காய்ச்சலில் கிடந்த ஜோதியின் வாந்தியைக் கையால் அள்ளியவள் அவள். ஜோதியின் மகள் தீபலட்சுமியை விடுதியில் சேர்த்தவளும் அவளே.

ஆனால் சங்கீதா குடிக்காமல் இருக்க முடியாமல் ஓடிப்போனாள். திரும்பி வந்து கேட்டைத் தட்டியபோது, “ஒரு தடவ போனவங்களுக்கு எடம் இல்லம்மா, அது ரூல்” என்று சொன்னதும் இதே மனோரமாதான். கேட்டின் உள்பக்கம் ஜோதி நின்றிருந்தாள். சில நாளில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சங்கீதா செத்துக் கிடந்ததாகச் சேதி வந்தது.

4

கூட்டத்துக்கு முன்னால் மனோரமா கேட்டாள்.

“சாட்சி சொல்லு ஜோதி. எப்டி இருந்த, இப்ப எப்டி இருக்க. அவ்ளோதான்.”

“எம் பொண்ணு வரும் சிஸ்டர். அதுக்கு ஒண்ணும் தெரியாது. கம்பெனிக்குப் போறேன்னுதான் நெனச்சினு இருந்துச்சு.”

“பச்சையா சொல்ல வேணாம். பாவத்துல இருந்தேன்னு சொல்லு, போதும்.”

“நான் இன்னா பாவம் பண்ணேன்னு அது கேட்டா?”

ஆனாலும் சாட்சி சொல்பவர்கள் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டார்கள்.

5

ஜோதி மேடையேறினாள். பெண்கள் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தார்கள்.

“எம் பேரு ஜோதி. என்னப் பத்திச் சொல்லச் சொன்னாங்க. நான் சங்கீதாவப் பத்திச் சொல்றேன். என்கூட ரோட்ல நின்னவ. இதே இல்லத்துக் கேட்ட தட்டினா. தொறக்கல. நானும் தொறக்கல. சாவி எங்க இருக்குதுன்னு எனக்குத்…”

மைக் அணைந்தது. பாட்டுக்குழு பாடத் தொடங்கியது. பாட்டுக்கு மேல் அவள் கத்தியது கடைசி வரிசை வரைக்கும் வரவில்லை.

மறுநாள் ஜோதி இல்லத்தைவிட்டு வெளியேறினாள். போகச் சொன்னார்களா, அவளே போனாளா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் மனோரமா கேட்டருகே அழுதுகொண்டு நிற்கிறாள்.

6

அணைக்கட்டு ஊருக்குப் போகும் பஸ். ஜன்னலோரம் தீபலட்சுமி.

“ரோட்ல நின்னேன்னியே… எதுக்கும்மா நின்ன?”

ஒரு முடிவில் ஜோதி சொல்லிவிடுகிறாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். இன்னொன்றில் மகள் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விடுகிறாள். இன்னும் ஒன்று: ‘பஸ்ஸுக்குத்தான்’ என்று ஜோதி…

இல்லை. நான் எழுதப்போவதில்லை. அவளைப் பேசவைத்துக் கேட்க ஏற்கெனவே ஒரு பந்தல் நிறைய ஆட்கள் இருந்தார்கள். இது அவள் மகளுக்குச் சொல்லவேண்டியது. நீங்களும் நானும் இங்கே இறங்கிக்கொள்வோம்.