அசையாமல் கேட்க வேண்டிய பாட்டு

குடிநீர் வாரிய அலுவலகத்தில் எங்கள் தளத்துக்கு வரும் தொலைபேசியை எல்லாம் எடுத்துப் பேசியவர் புகார் அக்கா. "தண்ணி வரல", "வந்த தண்ணி நிக்கல", "வர்றது தண்ணியே இல்ல" என்று கத்துகிறவர்களும் அவரிடம் இரண்டு நிமிடம் பேசினால் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார்கள். ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது நுரையீரல் நோயில் படுத்தவர், ஆறே வாரத்தில் போய்விட்டார்.

எங்கள் அலுவலகத்தில் யார் இறந்தாலும் இரங்கல் கூட்டம் நடத்துவது சூப்பிரண்டு சார்தான். யாரும் கொடுத்த பொறுப்பல்ல, அவராக எடுத்துக்கொண்டது. தீர்மானம் வாசிப்பார். கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிட மௌனம். கடைசியில் ஒரு குழலிசை. குழந்தையைத் தாலாட்டப் போய்த் தானும் சேர்ந்து அழுதுவிட்டவர் வாசித்தது போல இருக்கும்.

"இதைக் கேட்டா போனவங்க இன்னும் ரெண்டு எட்டு தள்ளிப் போயிடுவாங்கப்பா" என்று ஒவ்வொரு முறையும் என் காதில் கிசுகிசுப்பார் அக்கா. நான் குழாய்ப் பாதைகளின் வரைபடம் வரைகிறவன். அவருக்கு அடுத்த மேசை. தலைகுனிந்து நின்று சிரிப்பை விழுங்குவதில் எனக்கு நல்ல பயிற்சி கொடுத்தவர் அவர்தான்.

அவருடைய கூட்டத்துக்கு அவரது தங்கை வந்தார். தையல் கடையிலிருந்து நேராக வந்திருந்தார். அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது. கையில் ஒரு கைபேசி, மடித்த தாள் ஒன்று.

"சார், அக்கா ஒரு பாட்டு போடச் சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"தாராளமாம்மா. பக்திப் பாட்டா?"

தங்கை கைபேசியைத் தட்டினார். இரண்டாவது அடி விழுவதற்குள் சூப்பிரண்டு சார் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்திவிட்டார். சினிமாக் குத்துப் பாட்டு. போன வருடம் பேருந்து, டீக்கடை என்று போகிற இடமெல்லாம் துரத்திய பாட்டு.

"என்னம்மா இது? இரங்கல் கூட்டம்மா. போனவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"போனவங்கதானே சார் கேட்டிருக்காங்க."

"கேட்டா? எதுக்கும் இடம் பொருள் இருக்கு. நாளைக்கு நான் போனா எனக்கும் இதையே போடுவீங்களா?"

டிரைவர் அண்ணன் யோசிப்பது போல மேலே பார்த்தார்.

பொறியாளர் அம்மா குறுக்கிட்டார். "கடைசியா ஒண்ணு கேட்டிருக்காங்க, போடுங்க சார். நாலு நிமிஷப் பாட்டுதானே."

"கூட்டத்தோட ஒழுங்கு கெட்டுடும் மேடம்."

"கெடாது சார், அதுக்கும் அக்கா எழுதிட்டாங்க" என்று தங்கை தாளைப் பிரித்து வாசித்தார். "'பாட்டு முழுசா ஓடணும். எல்லாரும் எழுந்து, கையக் கட்டி, தலை குனிஞ்சு நிக்கணும். ஒருத்தரும் அசையக் கூடாது. அசைஞ்சா அது எனக்குப் பண்ற அவமரியாதை.'"

சூப்பிரண்டு சாரின் முகம் தெளிந்தது. "பாத்தீங்களா, அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு!" என்றார். அக்காவின் குறும்பு அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்துவிட்டது.

எழுந்து நின்றோம், பதினாறு பேர். எதிரே மேசைமேல் ஒரு கொத்துப் பூ, அக்காவின் படம். பாட்டு தொடங்கியது.

முதல் சரணம் வரை மானத்தைக் காப்பாற்றினோம். குனிந்த தலைக்கு முதலில் தெரிவது கால்கள்தானே. கணக்கரின் பெருவிரல் செருப்புக்குள் எழும்பி எழும்பி அடங்கியது. பம்பு நிலையத்து ஃபிட்டரின் இடுப்பில் சாவிக்கொத்து லேசாகச் சிணுங்கியது. அவர் அதை அழுத்திப் பிடித்தார், உடனே இடுப்பு கிளம்பிவிட்டது. தபால் பிரிவுப் பெண் வளையலை முந்தானையில் சுற்றிக்கொண்டார். பொறியாளர் அம்மா உதட்டைக் கடித்தார். நடுவில் விசில் வருமே, அந்த இடத்தில் டிரைவர் அண்ணனின் தோள் ஒரே ஒரு தரம் துள்ளியது. அவ்வளவுதான். யாரோ மூக்கால் சிரித்தார்கள். வாய்க்கால் உடைந்த மாதிரி எல்லோரும் சிரித்துக் குலுங்கிவிட்டோம்.

சூப்பிரண்டு சார் மட்டும் நட்டுவைத்த கம்பமாக நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது, அதைக்கூடத் துடைக்கவில்லை.

பாட்டு ஓய்ந்தது. தலையை நிமிர்த்தினார். கிழிக்கப் போகிறார் என்று பயந்தோம். அவர் தங்கையைப் பார்த்துக் கேட்டார்: "நான் அசைஞ்சேனாம்மா?"

"இல்ல சார்."

"இவங்க?"

"எல்லாருமே சார்."

படத்தின் பக்கம் திரும்பினார். "புகாரா எழுதிக்கோங்கம்மா. இந்த ஆபீஸ்ல ஒருத்தருக்கும் உங்க மேல மரியா..." வாக்கியத்தை முடிக்காமலே விறுவிறுவென்று தன் அறைக்குள் போனார்.

தங்கை நாடா முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி போடட்டா?" என்றார். பொறியாளர் அம்மா தலையசைத்தார். இந்த முறை நாங்கள் எதையும் அடக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன் திடீரென்று என் விலாவில் இடித்து, கண்ணால் சூப்பிரண்டு அறையைக் காட்டினார். அதற்கு அரைக்கதவுதான், கீழே முழங்கால் வரை வெளியே தெரியும். பளபளப்பான இரண்டு கறுப்பு ஷூக்கள் உள்ளே இடமும் வலமும் போய்வந்துகொண்டிருந்தன. தாளம் மட்டும் கொஞ்சம் பிந்தி.

அதோடு விட்டிருக்கலாம். டிரைவர் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்குமா? சாயந்திரம் கோப்பு கொடுக்கப் போனவர், "சார், உங்க ஷூ பிரமாதம்" என்று சொல்லிவிட்டார்.

மறுவாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. இரங்கல் கூட்டங்களில் இனி குடும்பத்தார் விரும்பும் எந்தப் பாட்டையும் போடலாமாம். அதே நாள் தச்சரும் வந்தார். சூப்பிரண்டு சாரின் அறைக்குத் தரையைத் தொடுகிற மாதிரி முழுக்கதவு மாட்டிவிட்டுப் போனார்.