பர்ஸோன் என்றால் எத்தனை நாள்

மோத்திக்குப் புற்றுநோய் என்று உறுதியான காலையில் டாக்டர் அனுபமாவுக்குத் துக்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. அதை ஒளிப்பானேன்? நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, கணவனின் ஐ.டி. வேலைக்காக ஹைதராபாத் வந்து, பேகம்பேட்டில் ஒரு தனியார் குதிரை மருத்துவமனையில் பல் ராவிக்கொண்டும் வயிற்றுவலிக்கு ஊசி போட்டுக்கொண்டும் காலம் தள்ளியவளுக்கு, பேர் சொல்லும்படி ஒரு கேஸ் இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

மோத்தி பதினாலு வயதுக் காயடித்த குதிரை. வெள்ளை உடம்பு, அடிவயிற்றில் ரோஸ் தோல். அதன் குறியின் நுனியில் காலிஃபிளவர் மாதிரி வளர்ந்திருந்த சதையிலிருந்து அவள் கிள்ளி அனுப்பிய துணுக்கைப் பரிசோதனைக்கூடம் இரண்டு விதமாகப் பார்த்திருந்தது. நுண்ணோக்கியில் புற்று. மரபணுச் சோதனையில் குதிரைகளுக்கு வரும் பாப்பிலோமா வைரஸ். பெண்களுக்குக் கருப்பை வாயில் புற்று உண்டாக்கும் வைரஸுக்கு இது ஒன்றுவிட்ட தங்கை முறை. முதலில் சின்னப் பருவாக வரும், பிறகு மருவாகும், யாரும் கவனிக்காவிட்டால் சில வருடங்களில் புற்றாகும். மார்ச்சில் புனேயில் நடக்கும் மாநாட்டுக்கு அனுபமா மனசுக்குள் தலைப்பே வைத்துவிட்டாள்.

ஒரே ஓர் உறுத்தல் இருந்தது. ஜூலையில் அவளே எழுதிய கேஸ் ஷீட்டில், அதே இடத்தில், 'சிறு பரு, இரண்டு நாளாக, பூச்சிக் கடி, களிம்பு' என்று இருந்தது.

அன்று ராமச்சந்திராபுரத்தைத் தாண்டி இருக்கும் குதிரையேற்றப் பள்ளிக்கு மோத்தியின் பல்லைப் பார்க்கப் போயிருந்தாள். பள்ளி ராஜகோபாலுடையது. பெரிய பொதுத்துறைத் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருடம் உழைத்து, ஓய்வு பெற்றதும் ஏழு குதிரைகளை வாங்கிக் கட்டிய மனிதர். குதிரைகளைத் தேய்ப்பதும் தீனி வைப்பதும் மொயின் பாய். ஐம்பது கடந்த ஆள். பதினோரு வருடமாக லாயத்தை ஒட்டிய அறையில்தான் மனைவியோடு குடியிருந்தார். மோத்தியின் 'அந்த இடத்தை'ப் பற்றி ராஜகோபால் பேசவே கூச்சப்படுவார். அதைக் கழுவி விடுவது மொயின் ஒருவர்தான். அதனால் பருவைப் பார்த்ததும் அவர் ஒருவர்தான்.

"மேடம், இதர் ஏக் தானா ஹை," இங்கே ஒரு பரு இருக்கிறது என்று அன்று அவர் காட்டினார். குதிரை அதற்குள் உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. மயக்க மருந்து கொடுத்து வெளியே இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். அனுபமா அதைச் செய்யாமல் குனிந்து, செல்போன் விளக்கை அடித்து, "கப் ஸே?" என்றாள். எப்போதிலிருந்து?

"பர்ஸோன் ஸே, மேடம்."

அனுபமா ஒன்றும் சும்மா ஆள் இல்லை. பள்ளி நாளில் ஹிந்தி டியூஷன் போய், மத்யமா வரை முதல் வகுப்பில் தேறியவள். கல் என்றால் நேற்று, பர்ஸோன் என்றால் முந்தாநாள். மனப்பாடம். முந்தாநாள் வந்த பருவை எவன் அறுத்து ஆய்வுக்கு அனுப்புவான்? களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். மொயின் அந்தக் களிம்பை வேளை தவறாமல் ஆறு மாதம் தடவினார். மேடம் சொன்ன மருந்தாயிற்றே. ஜனவரியில் ரத்தம் சொட்டிய பிறகுதான் மறுபடி கூப்பிட்டார்.

அறிக்கை வந்த அதே காலை, மருத்துவமனை வரவேற்பில் உட்காரும் ஸ்ரேயா எட்டிப் பார்த்தாள். ஸ்ரேயா செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த பெண். வீட்டில் தமிழ், வாயில் எல்லாம்.

"மேடம், அந்த ஸ்கேன் மெஷின் ரிப்பேர்க்காரன் பர்ஸோன் வந்தானே, அவன் நம்பர் இருக்கா?"

"முந்தாநாள் நானும் இங்கதானே இருந்தேன்? யாரும் வரலியே."

"முந்தாநாள் இல்ல மேடம், பர்ஸோன். நீங்க ஜாயின் பண்றதுக்கு முன்னாடி." ஸ்ரேயாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அய்யோ, உங்களுக்குத் தெரியாதா? ஹைதராபாத்ல பர்ஸோன்னா நேத்துக்கு முன்னாடி எப்ப வேணாலும். போன வாரமும் பர்ஸோன், எங்கம்மா கல்யாணமும் பர்ஸோன்!"

அனுபமா சிரிக்கவில்லை. ஸ்ரேயா போனதும் கதவைச் சாத்திக்கொண்டு மொயினுக்கு போன் செய்தாள். அந்தப் பரு முதலில் எப்போது கண்ணில் பட்டது, எந்த மாதம், எந்தப் பண்டிகை என்று துருவினாள். மொயின் யோசித்து, நிதானமாக, போன ரம்ஜானுக்கு முந்தின ரம்ஜான் என்றார். இரண்டு வருடம். ஜூலையிலேயே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அப்போதே அதை அறுத்திருந்தால் ஒரு விரல்கடை சதையோடு போயிருக்கும், குதிரை பிழைத்திருக்கும். அனுபமா ஜூலை கேஸ் ஷீட்டை எடுத்து, 'இரண்டு நாளாக' என்ற வரியை மறுபடி படித்தாள். பயந்தது மோத்திக்காக இல்லை.

மறுநாள் பதினோரு மணிக்குப் பள்ளியில் நின்றாள். தொடை இடுக்கில் கை வைத்தவுடனே தெரிந்தது. இரண்டு பக்கமும் நெறிக்கட்டிகள், எலுமிச்சம்பழம் அளவில், கல்லாக. சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தது, ஒவ்வொரு சொட்டுக்கும் குதிரை பின்னங்காலை உதறியது. வெட்டி எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடுவதுதான் நல்லது என்று அவள் சொன்னதும் ராஜகோபால் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் பேத்தி ஹர்ஷிதா முதன்முதலில் ஏறிய குதிரை அது.

"ஏழு மாசத்துலயா டாக்டர் இப்படி ஆகும்? ரெண்டு நாள்னு எழுதியிருக்கேளே," என்றார், கேஸ் ஷீட்டைப் புரட்டியபடி.

"ஆகாதுங்க சார். வருசக்கணக்குல இருந்திருக்குமுங்க."

ராஜகோபாலின் முகம் சிவந்தது. "மொயின்! இதர் ஆ ரே. கித்னே தின் ஸே தா யே?" எத்தனை நாளாக இருந்தது இது?

தீனி வாளியோடு வந்த மொயின் அதைக் கீழே வைத்தார். "தோ ஸால் ஹோ கயே சாப்."

"ரெண்டு வருஷமா! டாக்டரம்மாகிட்ட கைக்கு ஜூட் போலா?" ஏன் பொய் சொன்னாய்?

"ஜூட் நை சாப். மை பர்ஸோன் போலா." பொய் இல்லை, பர்ஸோன் என்றுதான் சொன்னேன்.

ராஜகோபால் அப்படியே நின்றார். நாற்பத்தைந்து வருடமாக இந்த ஊர்த் தண்ணீர் குடிப்பவர். அவருக்கு விளங்கிவிட்டது. கோபம் வடிந்து, குரல் தணிந்து, அவள் பக்கம் திரும்பினார்.

"பர்ஸோன்னா சொன்னான்? நன்னா ஞாபகப்படுத்திப் பாருங்கோ டாக்டர். அது இந்த ஊர் வார்த்தை, வெளியூர்க்காராளுக்குப் புரியாது. உங்களைத் தப்பு சொல்லவே மாட்டேன். யானைக்கும் அடி சறுக்கும்."

கதவை அவரே திறந்து வைத்தார். 'ஆமாங்க' என்று ஒரு சொல் போதும். ஆனால் யானைக்குப் புனே மாநாடு இருந்தது. சறுக்கின யானை என்று நாளைக்கு நாலு பேர் சொன்னால் அதை யார் கூப்பிடுவார்கள்?

"இல்லீங்க சார். 'தோ தின்', ரெண்டே நாள்னுதானுங்க சொன்னாரு. எனக்கு ஹிந்தி நல்லாத் தெரியுமுங்க. மத்யமா பாஸ் பண்ணியிருக்கேன்."

மொயின் அவளைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தன் ஞாபகத்தையே துழாவிப் பார்க்கிறவர் மாதிரி நின்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"மேடம் போலே தோ வைஸாச் ஹோயிங்கா, சாப். படே லிக்கே லோகாங் ஹை." மேடம் சொன்னால் அப்படித்தான் இருக்கும், படித்தவர்கள் அல்லவா.

அவ்வளவுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இரண்டு வருட நோயை இரண்டு நாள் என்று மறைத்த ஆளை லாயத்தில் வைத்திருக்க முடியாது என்று ராஜகோபால் சொன்னார். இன்றைக்கே அறையைக் காலி செய்துவிட வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் மோத்தியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேறு யார் பிடித்தாலும் அது நிற்காது.

மொயின் பிடித்துக்கொண்டார். மோத்தி அவர் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு நின்றது. அவர் அதன் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், ஊசி கழுத்தில் இறங்கும்போதும் நிறுத்தவில்லை. முழங்கால் மடிந்து அது சரிந்தபோது, தலை தரையில் மோதாமல் மடியில் வாங்கிக்கொண்டார். கண்ணைத் தொட்டுப் பார்த்து, இமை ஆடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அனுபமா எழுந்தாள். சாட்சி என்ற இடத்தில் ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. மேலே 'பராமரிப்பாளர் நோயின் காலத்தை மறைத்துள்ளார்' என்று அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்த தாளில், மொயின் உருதுவில் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டார்.

அரை மணியில் அறை காலியானது. இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஒரு கேஸ் அடுப்பு. மனைவி வாசலில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டிருந்தாள். மொயின் கடைசி மூட்டையோடு அனுபமாவைக் கடந்தபோது, அவளால் சும்மா இருக்க முடியவில்லை. ஏதாவது கனிவாகக் கேட்டுவிட்டால் சாயங்காலம் சோறு இறங்கும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"ஆப் யஹாங் கப் ஆயே தே, பாய்?" இங்கே எப்போது வந்தீர்கள்?

மொயின் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார். "பர்ஸோன் ஆயா தா, மேடம்."

பாவம், எவ்வளவு காலம், என்பதுபோல் அனுபமா தலையை ஆட்டினாள். அவர் வாசலை நோக்கி நடந்தார்.

அவள் திரும்பியபோது ராஜகோபால் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்தாநாளான்னு நீங்க கேக்கலையே டாக்டர்," என்றார்.

ஆட்டோ இன்னும் கிளம்பவில்லை. பெட்டியை உள்ளே தள்ள முடியாமல் மொயின் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்தான். ராஜகோபால் அந்தப் பக்கம் பார்த்தார், லாயத்தைப் பார்த்தார். இந்தப் பக்கத்தில் குதிரைக்கு வேறு டாக்டர் கிடையாது. ஆட்டோ உறுமிக்கொண்டு திரும்பி, தார் ரோட்டில் ஏறும்வரை காத்திருந்தார்.

"மத்த ஆறையும் அடுத்த வாரம் ஒரு தரம் பாத்துடுங்கோ," என்று சொல்லிவிட்டு, மொயின் வைத்துவிட்டுப் போன தீனி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.