அக்கா குனிந்து சொன்னது

1

இந்தக் கதையை நானாக ஆரம்பிக்கவில்லை. ஒருவர் கேட்டார். அலுவலகம் அலுவலகமாகப் போய் வகுப்பெடுப்பவர். பதவி இல்லாமலே சக ஊழியர்களை இணங்க வைப்பது எப்படி என்பது அவருடைய பாடம்.

"உங்க அக்காவைவிட நல்ல உதாரணம் கிடைக்காதும்மா. ஒரு பக்கம் போதும். கடைசியில அஞ்சு பாயின்ட் மட்டும் போட்டுக் குடுத்துடுங்க."

நல்ல மனிதர்தான். சர்க்கரை வேண்டாம் என்றிருந்தார்; நான் மறந்துபோய்ச் சர்க்கரை போட்ட தேநீரைச் சொல்லிக்காட்டாமல் குடித்தார். அவருக்காகவே உட்கார்ந்தேன்.

‘முதலாவதாக, யாரிடம் பேச வேண்டும் என்பதை நாம்—’

அதற்குமேல் ஓடவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘அன்று காலை வானம்—’ வேண்டாம். எங்கள் அறையில் ஜன்னலே கிடையாது.

அடுத்தது: ‘என் அக்கா தைரியசாலி.’ பொய். கரப்பான்பூச்சியைப் பார்த்தால் நாற்காலிமேல் ஏறுகிறவள்.

இதை வைத்துக்கொள்கிறேன்: கம்பி கருகும் வாடை வந்தது.

மூன்றாவது மாடியில் உட்கார்ந்து போனில் புகார் கேட்பது எங்கள் வேலை. தலையில் ஹெட்செட், எதிரில் திரை, இரண்டு பக்கமும் தடுப்பு. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போய்விட்டால் அந்த மாத ஊக்கத்தொகை போச்சு. அந்த மாதம் தீ அலாரம் இரண்டு தடவை வீணாக அடித்து, மாடி இறங்கி, வெயிலில் நின்று, திட்டு வாங்கிக்கொண்டு ஏறியிருந்தோம். அதன்பிறகு யாரோ அதன் வாயை அடைத்துவிட்டார்கள். ஆகவே அன்று அலாரம் இல்லை. வாடை மட்டும்.

அக்கா எங்களைப் போலவே போன் எடுப்பவள். அதற்குமேல் ஒரு பதவியும் கிடையாது. எழுந்து, சூப்பர்வைசர் இருந்த கண்ணாடி அறைக்குப் போனாள். திரும்பி வரும்போது என் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து விலக்கினாள்.

"மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையாடி உனக்கு?"

"சார் என்ன சொன்னார்?"

"மேல கேட்டுட்டிருக்காராம். எரியறதும் மேலதான். நல்லா கேக்கட்டும்."

"அப்ப நாம போயிடலாம்க்கா."

"நாம ரெண்டு பேர் போயி? இவங்க?"

பக்கத்து இருக்கைக்காரியின் தோளைத் தட்டினாள். அவள் ஒரு விரலைக் காட்டினாள், ஒரு நிமிஷம் என்று. அதற்கடுத்தவளும் அதே விரல். ஆனால் விரலைக் காட்டிவிட்டு இருவரும் ஒரே திசையில் பார்த்தார்கள். அக்கா அதைக் கவனித்தாள்.

3

அந்தத் திசையில் மகாராணி இருந்தாள். நாங்கள் வைத்த பெயர். அவளுக்கும் பதவி கிடையாது. ஆனால் அவள் தேநீருக்கு எழுந்தால்தான் எங்களுக்கும் தொண்டை வறளும். அவள் சிரித்தால்தான் அது ஜோக்.

அவளும் அக்காவும் பேசிக்கொண்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. குழுத் தலைவி வேலைக்கு இரண்டு பேருமே முயன்றார்கள். யாரோ இருவர்மேலும் கோள்மூட்ட, இருவருக்குமே கிடைக்கவில்லை. மற்றவள்தான் மூட்டினாள் என்று ஆளுக்கு ஆள் நம்பினார்கள். லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்டால் இரண்டு பேரும் மாடி எண்களையே வாசித்துக்கொண்டு வருவார்கள்.

(மகாராணியை வில்லியாக எழுதத்தான் முதலில் ஆசைப்பட்டேன். அவள் வில்லி இல்லை என்பதால் விட்டுவிட்டேன். இதை அவள் படிப்பாள் என்ற பயமும் கொஞ்சம்.)

4

கூரை விளக்குகளைச் சுற்றிப் புகை தெரிய ஆரம்பித்தது. அக்கா அறைக்குக் குறுக்கே மகாராணியை நோக்கி நடந்தாள். என் காதில் ஒருவர் வாஷிங் மெஷின் தண்ணீர் கக்குகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா குனிந்து மகாராணியின் காதருகே ஏதோ சொன்னாள். ஒரு மூச்சில் முடிகிற அளவுதான். மகாராணி அவள் முகத்தைப் பார்த்தாள். ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எழுந்தாள்.

அவ்வளவுதான். மொத்த அறையும் எழுந்துவிட்டது. நானும், வாஷிங் மெஷின்காரரை அப்படியே விட்டுவிட்டு.

5

அக்கா என்ன சொன்னாள்? கதையே இந்த வரியில்தான் இருக்கிறது. என்னிடம் அது இல்லை. எழுதிப் பார்த்தவை:

‘நெருப்பு, எழுந்திரு.’ மகாராணி சிரித்திருப்பாள்.

‘தப்பு என்மேலதான், மன்னிச்சிடு.’ அக்காவா? வாய்ப்பே இல்லை.

‘எல்லாரும் உன்னையேதான் பாக்கறாங்க.’ எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. வகுப்பெடுப்பவருக்கும் பிடிக்கும்.*

கடைசியில் மகாராணியிடமே கேட்டுவிட்டேன்.

"காதுல ஹெட்செட்டு இருந்ததேடி. ஒரு வார்த்தைகூட விழல."

"அப்புறம் எதுக்கு எழுந்தீங்க?"

கோபம் வந்தது அவளுக்கு.

"அவ என்கிட்ட வர்றான்னா பின்ன என்னவா இருக்கும்? சும்மாவா வருவா, உங்கக்கா?"

(*வகுப்பெடுப்பவரின் முதல் பாயின்ட்டாக இதைப் போடலாம்: பேசாதவரிடம் போ. அதற்கு முதலில் மாதக்கணக்கில் ஒருவரிடம் பேசாமல் இருக்க வேண்டும் என்பதை எப்படி எழுதுவது?)

6

படிக்கட்டுக் கதவு வரை அக்கா என் பின்னால்தான் வந்தாள். அங்கே நின்றாள்.

"நீ எறங்கு. அந்தக் கண்ணாடி ரூம் ஆள் இன்னும் போன்லயே இருக்கார். கூட்டிட்டு வந்துடறேன்."

"அக்கா, அவரு வரமாட்டார்."

"போடி."

எங்கள் எல்லோரையும் எழுப்ப ஒருத்தி எழுந்தால் போதுமாக இருந்தது. அவரை எழுப்ப அறையில் யாரும் மிச்சமில்லை.

தீ அணைந்தபின் இரண்டு பேரையும் கண்ணாடி அறைக்குள் கண்டெடுக்கவில்லை. அதற்கு வெளியே, படிக்கட்டுக்குப் போகும் வழியில். அப்படியென்றால் அவரும் எழுந்திருக்கிறார். அவரையும் எழுப்பிவிட்டாள். அதற்கு அவளுக்கு எவ்வளவு நேரம்—

முதல் வார்த்தையிலேயே அவர் எழுந்துவிடும் முடிவு ஒன்றை எழுதினேன். அதில் இருவரும் இருமிக்கொண்டே தெருவுக்கு வந்தார்கள். அக்கா என்னைத் திட்டினாள். கிழித்துப் போட்டுவிட்டேன், அந்தத் திட்டு அவள் குரலில் வரவில்லை.

அவரைக் குற்றம் சொல்லும் முடிவும் ஒன்று இருந்தது. அவர் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தபின் அதுவும் நிற்கவில்லை. அனுமதிக்காக அவரும் யாரையோ கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

இனி என்னால் ஆகாது. சூப்பர்வைசரின் அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். உங்களுக்கு மேலே இருப்பவர் இன்னும் பதில் சொல்லவில்லை. வெளியே அறை காலியாகிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு ஒருத்தி வருகிறாள். உங்களுக்குக் கீழே வேலை செய்பவள். அவள் சொல்லி நீங்கள் கேட்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

அவள் என்ன சொன்னால் எழுந்திருப்பீர்கள்?

சீக்கிரம் சொல்லுங்கள்.