பத்து மணிக்குப் புருவம்

அக்காவின் கை கெட்டுப்போனதற்குப் பாதிக் காரணம் நோய். மீதிப் பாதி நான்.

அழகு நிலையத்தில் நூல் வைத்துப் புருவம் திருத்துவது அவள் வேலை. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மீதியை விரல்களில் முறுக்கி, வேண்டாத முடியை மட்டும் பிடுங்க வேண்டும். இம்மி பிசகினால் வந்தவர் இரண்டு வாரம் தொப்பியோடு அலைய வேண்டியதுதான். அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தாறு வயதில் பார்க்கின்சன் நோய் வந்து வலது கை தானாக ஆடியது. டாக்டர் கொடுத்த மாத்திரை கேட்டது. போட்ட முக்கால் மணி நேரத்தில் கை அடங்கும். அடுத்த சில மணி நேரம் அவள் சொன்னபடி கேட்கும். இரண்டு வருடம் அப்படியே ஓட்டினாள்.

அப்போதுதான் நான் தொழிற்சாலையில் இரவு ஷிப்டை விட்டுவிட்டு அவள் வீட்டில் வந்து உட்கார்ந்தேன். வேலையில்லாதவன் சும்மா இருக்க மாட்டான். அவளை இயற்கை முறையில் தேற்றுவதென்று முடிவு செய்தேன். பாதாம், எள், பட்டாணிப் புரதப் பொடி எல்லாவற்றையும் பாலில் அடித்து ஒரு பெரிய தம்ளர். ஷிப்டில் சாப்பிடப் பத்து நிமிடம்தான் கொடுப்பார்கள். ரொட்டி, பழம், தலைவலி மாத்திரை எதுவானாலும் ஒரே மூச்சில் உள்ளே போகும். அந்தப் பழக்கத்தில் அக்காவின் காலை மாத்திரையையும் பாலோடு விழுங்க வைத்தேன். கூடவே கடையில் வாங்கிய இரும்புச்சத்து மாத்திரை ஒன்று. ஒரே தம்ளரில் காரியம் முடிந்தது.

இரண்டு மாதத்தில் கை பழையபடி ஆட ஆரம்பித்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். நான் பொடியில் ஒரு கரண்டி கூட்டினேன். அழகு நிலையத்தின் முதலாளியம்மா அக்காவை நாற்காலியிலிருந்து எழுப்பித் துண்டு மடிக்க அனுப்பினார். கெட்டவரில்லை, ஆனால் கறாரானவர். அக்காவிடம் நேராகவே சொன்னார்: “சனிக்கிழமை என் புருவத்தையே எடு. சரியா வந்தா நாற்காலி உனக்கு. இல்லன்னா துண்டுதான்.”

அந்தத் திங்கட்கிழமை பால் திரிந்துவிட்டது. நேரமாகிவிட்டதென்று அக்கா வெறும் தண்ணீரில் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு ஓடினாள். சாயங்காலம் வந்ததும் பாவாடையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். கெண்டைக்காலில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு, ஒரு முடி இல்லை. துண்டு அறையில் ஒளிந்துகொண்டு நூல் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

ஏதோ இன்று நல்ல நேரம் என்றேன்.

“நாளைக்கும் பால் திரிஞ்சுதுன்னு வச்சுக்கோ” என்றாள்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் மட்டும். காலில் இன்னொரு கோடு. புதன்கிழமை அவளே கேட்டு என் பாலை வாங்கிக் குடித்தாள். பத்து மணிக்கு நூல் கையில் நிற்கவில்லை. வியாழக்கிழமை இருவரும் டாக்டரிடம் போனோம். மாத்திரையை எதோடு போடுகிறீர்கள் என்று அவர் அன்றுதான் கேட்டார். நான் பொடிகளை வரிசையாகச் சொல்லச் சொல்லப் பேனாவைக் கீழே வைத்தார். புரதமும் இந்த மாத்திரையும் உடம்புக்குள் போக ஒரே வாசலில் முட்டிக்கொள்ளுமாம். நெரிசலில் தோற்பது மாத்திரைதானாம். இரும்பு வேறு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். ரத்தத்தில் இரும்பு குறைவில்லை என்பதால் அதை நிறுத்தினார். பொடியை ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளினார். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் தண்ணீரில் போடச் சொன்னார். கூட்டிய அளவையும் குறைத்தார். தன்னிடம் சொல்லாமல் இனி ஒரு இலையைக்கூட அரைத்துக் கொடுக்கக் கூடாதென்று எனக்குத் தனியாக ஒரு திட்டு.

படி இறங்கும்போது அக்கா சொன்னாள்: “ரெண்டு மாசமா எனக்கு ரெண்டு வியாதிடா. ஒண்ணு இது, இன்னொண்ணு நீ.”



சனிக்கிழமை ஒன்பது மணிக்கே முதலாளியம்மா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அக்கா அவர் எதிரிலேயே மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கினாள். “பத்து மணிக்கு உக்காருங்கம்மா. இப்பவே ஏதாவது வேணும்னா துண்டு மடிச்சுத் தரேன்.”

முதலாளியம்மா எழுந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தார்.

பத்து மணிக்கு அக்கா நூலைப் பல்லில் கடித்தாள். நான் கதவோரம் நின்று அவள் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் இடது புருவம், பிறகு வலது. முறுக்கிய நூல் நெற்றியில் சின்னச் சத்தத்தோடு ஓடியது. ஏழு நிமிடம்.

முதலாளியம்மா கண்ணாடியை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். கடைசியில், நடுவில் ஒரு முடி நிற்கிறதே என்றார்.

“தெரியும். நீங்களும் ஏதாவது சொல்லணுமில்ல, அதான் விட்டு வச்சேன்” என்று சொல்லி அக்கா அதை ஒரே இழுப்பில் எடுத்தாள்.

முதலாளியம்மா சிரித்தபடியே எழுந்து, நாற்காலியைத் தன் கையாலேயே துடைத்தார். அக்கா முன்பதிவு நோட்டை இழுத்துத் தன் பக்கத்தில் எழுதினாள்: பத்து முதல் ஒன்று வரை, இரண்டரை முதல் ஐந்து வரை. இரண்டாவது மாத்திரைக்கான இடைவெளியையும் சேர்த்து எழுதிய கணக்கு. அந்த நேரத்துக்கு வெளியே வருகிறவர்களை என்ன செய்வது என்று முதலாளியம்மா கேட்டார். காத்திருக்கட்டும் என்றாள் அக்கா.

நோய் எங்கும் போய்விடவில்லை. அன்று சாயங்காலமே கை கொஞ்சம் ஆடத்தான் ஆடியது. ஆனால் அப்போது அவள் அன்றைய பதினோராவது ஆளின் புருவத்தை முடித்துவிட்டு நூலைக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.